தென்னை நார் மாதிரி ஆன முடிக்கு மாஸ்க் போட்டால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் சேலம். இரண்டு வருஷமாக பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில் பார்லரில் ஸ்மூத்தனிங் செய்துகொண்டேன். இரண்டரை மாதம் கழித்து தீபாவளிக்கு முன்னால் ஹைலைட்ஸும் போட்டேன். இப்போது முடி தென்னை நார் மாதிரி இருக்கிறது. தலைக்குக் குளித்துவிட்டுச் சீவினால் சீப்பு பாதியிலேயே நிற்கிறது. தரையெல்லாம் முடி. வாரத்தில் இரண்டு நாள் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் கலந்து ஒரு மணி நேரம் ஊற வைக்கிறேன். கடையில் வாங்கிய மாஸ்க்கை ராத்திரி தடவி, ஷவர் கேப் போட்டுக்கொண்டே தூங்குகிறேன். பலன் ஒன்றும் இல்லை, இன்னும் விறைப்பாகத்தான் ஆகிறது. எங்கள் அபார்ட்மெண்டில் டேங்கர் தண்ணீர். பார்லரில் ஆறு சிட்டிங் ஹேர் ஸ்பா, கடைசியில் ஒரு கெரட்டின் ட்ரீட்மெண்ட் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார் அம்மா. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். நான் எதைச் செய்வது?

பதில்: பேக்கேஜுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். முட்டையை இன்றோடு நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க மாஸ்க் போடுவதும் வேண்டாம். இந்த மூன்றையும் விட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி உங்கள் குளியலறைத் தண்ணீரில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில் விழுந்த முடியில் ஒரு இருபதை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். ஒரு முனையில் கடுகை விடச் சிறிதாய் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது வேரோடு வந்த முடி. பொட்டு இல்லாமல், நீளமும் ஒன்றுக்கொன்று மாறி, ஐந்து சென்டிமீட்டர், எட்டு சென்டிமீட்டர் என்று துண்டாக இருந்தால் அது நடுவில் உடைந்த முடி. இரண்டையும் நாம் ‘முடி கொட்டுது’ என்றே சொல்கிறோம். ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. வேரோடு ஒரு நாளில் ஐம்பதிலிருந்து நூறு முடி வரை விழுவது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து விழுந்தால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு பரிசோதனைகளோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்த உதிர்வை எந்த மாஸ்க்கும் நிறுத்தாது. ஸ்மூத்தனிங், ஹைலைட்ஸ், சீப்பு பாதியில் நிற்பது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுடையது பெரும்பாலும் உடைந்த முடியாகவே இருக்கும். அப்படி எடுத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஹைலைட்ஸ் போட்டு ஒரு வருஷம் ஆகிறது என்றால், மண்டையிலிருந்து சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர், அதாவது அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல், வந்திருப்பது எந்த மருந்தும் படாத புது முடி. அது நன்றாக இருக்கும், தொட்டுப் பாருங்கள். பிரச்சினை அதற்குக் கீழேதான். அந்தப் பகுதி ஒரு தடவை ஸ்மூத்தனிங் கிரீமில் ஊறியது. பிறகு ஹைலைட்ஸுக்கு பிளீச் ஏறியது. ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் கிரீம்களில் பெரும்பாலும் இருக்கும் அம்மோனியம் தையோகிளைக்கோலேட், முடிக்கு உள்ளே கெரட்டின் என்ற முடிப் புரதத்தை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும். பிறகு போடும் நியூட்ரலைசர் அவற்றைத் திரும்பக் கட்டும். ஆனால் எல்லாமும் கட்டுக்குள் வராது. மூன்று மாதம்கூட ஆகாத அந்த முடியின் மேல் பிளீச் பவுடரும், அதோடு கலக்கும் பெராக்ஸைடுக் கரைசலான டெவலப்பரும். நம் கருமுடி வெளுக்க வேண்டுமென்றால் 20 வால்யூம் பல நேரம் போதாமல் 30 வரைக்கும் போவார்கள். அதாவது ஆறு சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடுக்குப் பதில் ஒன்பது சதவீதம். இரண்டையும் ஒரே முடியில் இவ்வளவு நெருக்கத்தில் செய்திருக்கக் கூடாது. செய்கிறவர்தான் அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மேல் தப்பு இல்லை.

இதில் போனது என்ன என்று தெரிந்தால்தான் மாஸ்க் எதைத் திருப்பித் தரும், எதைத் தராது என்பது புரியும். முடியின் மேல்புறம் மீன் செதில் போல ஆறு முதல் பத்து அடுக்குச் செதில்கள் ஒன்றன் மேல் ஒன்றாக மூடியிருக்கும். இதுதான் க்யூட்டிக்கிள். அதன் மேல் ரசாயனப் பிணைப்போடு ஒட்டிய மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்பது அதன் முக்கியப் பொருள். முடி வழுக்கிக்கொண்டு போவதும், தண்ணீர் பட்டால் உடனே உறிஞ்சாமல் இருப்பதும் இதனால்தான். பிளீச் முதலில் இதைத்தான் கழற்றும். கழன்ற இடங்களில் எதிர்மின் தன்மை கூடிவிடும். முடியோடு முடி உரசிச் சிக்கு விழுவதும், ஈரமானதும் ஊதிப் பெருத்துச் செதில் நிமிர்வதும் அதற்குப் பிறகு வருபவை.

வெளியே தெரியும் முடி உயிரில்லாத பொருள். வெட்டுக்காயம் ஆறுவது மாதிரி அது தானாக ஆறாது. போன கொழுப்புப் படலமும் திரும்ப முளைக்காது. மாஸ்க் செய்வது இதுதான்: அதில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்ற நேர்மின் பொருள்கள், எதிர்மின் கூடிய அந்தச் சேத இடங்களைத் தேடிப்போய் ஒட்டும். கூடவே செட்டைல், செட்டியரைல் ஆல்கஹால் என்ற கொழுப்பு ஆல்கஹால்களும் படியும். பெயரில் ஆல்கஹால் என்று இருந்தாலும் இவை முடியை உலர்த்துபவை அல்ல, மெழுகு போன்ற மென்மையாக்கிகள். போன படலத்துக்குப் பதிலாக இது ஒரு தற்காலிகப் படலம். இரண்டு மூன்று தடவை தலைக்கு ஊற்றினால் தேய்ந்துபோகும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். அதனால் இது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சிக்கு விழாவிட்டால் இழுக்க வேண்டியதில்லை, இழுக்காவிட்டால் உடையாது. உடையாமல் காப்பாற்றினால் அடியிலிருந்து வளரும் நல்ல முடி நீளமாகச் சேரும். சேதமான முடிக்கு மாஸ்க் தரும் உண்மையான லாபம் அதுதான், அது சின்ன லாபமும் இல்லை.

தண்ணீர்

இனி, நீங்கள் போட்ட மாஸ்க் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு வருகிறேன். காவிரிக் குழாய்த் தண்ணீர் வராத அபார்ட்மெண்டுகளுக்கு வரும் டேங்கர் தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம், அதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். வாளி விளிம்பிலும் குழாய் முனையிலும் படிகிற வெள்ளைக் கறையை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். அதே கால்சியம் முடியிலும் படியும். எதிர்மின் கூடிய பிளீச் முடியில் அது நல்ல முடியை விட அதிகமாகவே பிடித்துக்கொள்ளும். மாஸ்க்கின் நேர்மின் பொருள்கள் போய் ஒட்ட வேண்டிய அதே இடத்தில் கால்சியம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மேலே மேலே தடவியது அந்தக் கறையின் மேல்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. உங்கள் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க, ஹார்ட்னஸ் டெஸ்ட் ஸ்ட்ரிப் ஆன்லைனில் கிடைக்கும். டிடிஎஸ் மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை மட்டும் தனியாகக் காட்டாது. ஒன்றும் வாங்காமல் பார்க்க ஒரு வழி: இரண்டு சின்ன பாட்டிலில் ஒன்றில் ஆர்ஓ தண்ணீர், மற்றதில் குளியலறைத் தண்ணீர், பாதிப் பாதி. ஒவ்வொன்றிலும் நகத்தளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்பு வேண்டாம், சாதாரணக் கட்டிச் சோப்புதான் வேண்டும். ஒன்றில் நுரை நின்று, மற்றதில் நுரையே இல்லாமல் பாலாகக் கலங்கினால் சந்தேகமே வேண்டாம்.

கால்சியத்தைக் கழற்ற கிலேட்டிங் ஷாம்பு வேண்டும். டப்பாவில் ‘ஹார்டு வாட்டர்’ அல்லது ‘கிலேட்டிங்’ என்று போட்டிருக்கும். பொருள் பட்டியலில் டெட்ராசோடியம் ஈடிடிஏ, டைசோடியம் ஈடிடிஏ, ஃபைட்டிக் ஆசிட் போன்றவை முன்வரிசையில் இருக்க வேண்டும். பல சாதாரண ஷாம்புகளிலும் துளி ஈடிடிஏ இருக்கும். அது பாட்டில் கெடாமல் இருக்கச் சேர்ப்பது, அதை வைத்து ஏமாற வேண்டாம். ‘கிளாரிஃபையிங்’ என்பதும் வேறு. அது எண்ணெயையும் சிலிக்கோனையும் எடுக்கும், கால்சியத்தைத் தனியாகக் கவனிக்காது. கிலேட்டிங் ஷாம்புவை முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. நுரையை முடியில் மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். அலசியதும் முடி கரகரவென்று இருக்கும், பயப்பட வேண்டாம். அன்றைக்குக் கட்டாயம் மாஸ்க் போடுங்கள். அன்று போடும் மாஸ்க்தான் முடியைத் தொடும் முதல் மாஸ்க்.

கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். ஆனால் ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியே வரும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தலைக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்வது அதில்தான். டேங்கர் தண்ணீரை விட அது கடினம். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் குளோரினைக் குறைக்கும், கடினத்தன்மையைக் குறைப்பதில்லை. அதற்கு உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற சாஃப்ட்னர்தான் வேண்டும். உங்கள் அபார்ட்மெண்டில் சாஃப்ட்னர் பிளாண்ட் இருந்தால், அதற்கு உப்பு ஒழுங்காகப் போடுகிறார்களா என்று அசோசியேஷனில் கேளுங்கள். பல இடங்களில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், உப்பு தீர்ந்திருக்கும்.

முட்டையும் தயிரும்

முட்டைப் புரதத்தின் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. செதிலுக்கு உள்ளே அவை போகாது. மேலே படிந்து, காய்ந்து, கஞ்சி போட்ட துணி மாதிரி விறைக்கும். கெய்சரிலிருந்து வரும் கொதி தண்ணீரில் அலசினால் வெந்தும் ஒட்டும். வாரத்துக்கு இரண்டு முறை இதைச் செய்துவந்தால் விறைப்பு கூடத்தான் செய்யும். கடையில் விற்கும் புரத மாஸ்க்குகளில் இருப்பது நறுக்கித் துண்டாக்கிய ஹைட்ரலைஸ்டு புரதம். அதில் சிறிய துண்டுகள் ஓரளவு உள்ளே போகும். அதுவும் அளவோடுதான்.

உங்கள் முடிக்குப் புரதம் வேண்டுமா என்பதை முடியையே கேட்கலாம். ஹைலைட்ஸ் பட்ட ஒரு முடியை நனைத்து, பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல முடி ஈரத்தில் பதின்மூன்று சென்டிமீட்டர் வரை நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வரும். இழுத்ததும் நீளாமல் பட்டென்று அறுந்தால் புரதமும் கறையும் ஏறி விறைத்திருக்கிறது: புரதம் வேண்டாம், மென்மையாக்கும் மாஸ்க் போதும். நீண்டுகொண்டே போய், மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி துவண்டு, திரும்ப வராமல் இருந்தால் உள்கட்டு போய்விட்டது: நான்கு முறைக்கு ஒரு முறை புரத மாஸ்க் உதவும். நீங்கள் சொல்லும் விறைப்பைப் பார்த்தால் முதல் வகையாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் மூன்று நான்கு இடத்தில் முடி எடுத்துப் பாருங்கள். முன்பக்க ஹைலைட்ஸும் பின்பக்க முடியும் ஒன்றுபோல இருக்காது.

தயிரில் கொஞ்சம் லாக்டிக் அமிலமும் கொஞ்சம் கொழுப்பும் உண்டு. கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. வாழைப்பழத்தை மிக்ஸியில் எவ்வளவு அடித்தாலும் திப்பி முடியில் நிற்கும். சிக்கு முடிக்கு அதுவே போதாத காலம். சமையல் சோடா தலைக்கு வேண்டவே வேண்டாம், காரத்தன்மை செதிலைத் திறந்துவிடும். வீட்டுப் பொருளில் நான் மனதாரச் சொல்வது வெந்தயத்தைத்தான். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, அந்தக் கொழகொழப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கேலக்டோமன்னன் என்ற பசைப் பொருளுக்கு உறவுக்காரர்தான் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம். அதன் நேர்மின் வடிவத்தைத்தான் கண்டிஷனிங் ஷாம்புகளில் சேர்க்கிறார்கள். செம்பருத்தி இலைக் கொழகொழப்பும் இதேபோல வழுக்கல் கொடுக்கும். விழுதை அப்படியே அப்பினால் வெந்தயத் தோல் துணுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வடிகட்டல் முக்கியம்.

அம்மா சொல்வது

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். நல்ல முடியிலும் பிளீச் செய்த முடியிலும். லாரிக் அமிலம் மெலிந்த, நேரான மூலக்கூறு என்பதால் அது முடிக்குள் போக முடிகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய், தண்ணீரில் முடி ஊதுவதைக் குறைக்கிறது. ஆக, எண்ணெய் குளிப்பதற்கு முன்னால் போட வேண்டியது. சிக்கெடுக்கவோ வழுவழுப்பாக்கவோ மாஸ்க் அளவுக்கு அதனால் முடியாது. இரண்டுக்கும் வேலை வேறு வேறு, இரண்டும் வேண்டும்.

அளவு: இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்து மில்லிக்குள். காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும், குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். பெங்களூரு மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்துவிடும்; அடுப்பில் காய்ச்ச வேண்டாம், பாட்டிலை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகிவிடும். சொட்டச் சொட்ட வைத்தால் அதை எடுக்க இரண்டு முறை ஷாம்பு போட வேண்டியிருக்கும். எண்ணெய் கொடுத்ததை ஷாம்பு வாங்கிக்கொள்ளும்.

எந்த மாஸ்க், எப்படி

டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் ஆர்கான், கேவியார், வெங்காயம் என்ற பெயர்களை விட்டுவிட்டு, பின்பக்கப் பட்டியலில் முதல் ஆறு ஏழு பொருளைப் படியுங்கள். தண்ணீருக்கு அடுத்து செட்டியரைல் ஆல்கஹால் அல்லது செட்டைல் ஆல்கஹால், அதற்குப் பிறகு பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு அல்லது பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் இருந்தால் அடித்தளம் சரி. மெத்தோசல்ஃபேட் என்ற பெயரைப் பார்த்து, ஷாம்புவில் இருக்கும் சல்ஃபேட் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது வேறு. அமோடைமெத்திக்கோன் இருந்தால் உங்கள் முடிக்கு இன்னும் நல்லது: இந்த சிலிக்கோன் சேதமான இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டும். சிலிக்கோன் முடியைக் கெடுக்கும் என்ற பேச்சு எனக்குச் சம்மதமில்லை. பிளீச் ஏறிய முடிக்கு உரசலைக் குறைக்க அதை விடச் சிக்கனமான வழி இல்லை. பிளீச்சுக்குப் பிறகு போடும் ‘பாண்ட் ரிப்பேர்’ பொருள்களும் விற்கின்றன. மாலியேட், சிட்ரிக் அமிலம் போன்றவை இருக்கும். முடிக்குள் கொஞ்சம் பிடிமானம் தரும், ஆனால் விலை அதிகம். கையில் இருக்கும் பணத்தில் முதலில் கிலேட்டிங் ஷாம்பு, அடுத்து ஒரு நல்ல மாஸ்க். மீதி இருந்தால் இது.

கிலேட்டிங் இல்லாத நாளில், தலைக்கு ஷாம்புவை ஒரு மக் தண்ணீரில் கலந்து மண்டையில் மட்டும் தேய்த்து அலசுங்கள். வழிகிற நுரையே நீள முடிக்குப் போதும். அடுத்த படியில்தான் பலர் தவறுகிறார்கள்: மாஸ்க்குக்கு முன்னால் முடியைப் பிழிந்து, பழைய காட்டன் டி-ஷர்ட்டால் ஒற்றி எடுக்க வேண்டும். சொட்டுகிற முடியில் தடவினால் மாஸ்க் நீர்த்து, பாதி தரையில் ஓடிவிடும். முழுக்கக் காய்ந்த முடியிலும் வேண்டாம், சீராகப் பரவாது. கையால் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும்; அந்தப் பக்குவம்.

முதுகு நடுவரை முடி என்றால் இருபது கிராம் போதும். மேசைக்கரண்டியில் குவித்து ஒரு கரண்டி. 200 கிராம் டப்பா வாரத்துக்கு ஒரு முறை வீதம் பத்து வாரம் வரும், தை மாதத்துக்குச் சரியாக இருக்கும். முடியை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நுனியில் ஆரம்பித்து மேலே காது வரை வாருங்கள். நுனிதான் வயதான முடி, பெரும்பங்கு அதற்கு. தடவியபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். மாஸ்க் இருக்கும்போது எடுக்கும் சிக்குதான் உடையாமல் வரும். ஷவர் கேப் போட்டு, வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை மேலே சுற்றிக்கொண்டு பத்து முதல் பதினைந்து நிமிடம். வெப்பம் மாஸ்க்கின் கொழுப்பை இளக்கிச் சீராகப் பரவவிடும். அதற்கு மேல் வைப்பதால் பெரிதாக எதுவும் கூடாது. ஒட்ட வேண்டிய நேர்மின் பொருள் முதல் சில நிமிடத்திலேயே ஒட்டிவிடும்.

ராத்திரி முழுக்க வைப்பதால் வரும் கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். சேதமான முடி எட்டு மணி நேரம் ஈரத்தில் ஊதியே கிடக்கும். திரும்பத் திரும்ப ஊதிச் சுருங்கினால் உள்கட்டு தளரும். தலையணையில் புரளும்போது ஈர முடி உரசி உடையும். மூடிய ஈரத்தில் பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்கும் கொண்டாட்டம். மண்டையில் அரிப்போ சின்னக் கொப்பளமோ வந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அலசும்போது வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். மாஸ்க் போன பிறகு முடி லேசாக வழுக்க வேண்டும். கரகரக்கும் வரை அலசினால் போட்டது முழுக்கப் போய்விடும், வழவழவென்று கொழகொழப்பாகவே விட்டால் காய்ந்ததும் பிசுபிசுக்கும். கடினத் தண்ணீர் என்பதால் கடைசியில் ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஊற்றலாம். அமிலம் செதிலைப் படிய வைக்கும். வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழியாதீர்கள். சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் கறுத்துப் புண்ணாகக்கூடும்.

காய வைக்கும்போது துண்டை முறுக்கிக் கொண்டை போட வேண்டாம். ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு சீரம் நுனிக்கு. ஸ்கூட்டரில் போகிறவராக இருந்தால், ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டுவதை நிறுத்துங்கள். உள்ளே உரசி உடைவதும் மண்டை புழுங்குவதும் சேர்ந்து வரும். மெல்லிய பருத்தித் துணியோ சாட்டின் துணியோ கட்டி அதன் மேல் ஹெல்மெட் போடுங்கள்.

பார்லரும் கல்யாணமும்

ஹேர் ஸ்பா என்பது பெரும்பாலும் இதே மாஸ்க்தான். கூடவே ஸ்டீமரும் மசாஜும். சுகமாக இருக்கும், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் கால்சியத்தைக் கழற்றாமல் ஆறு சிட்டிங் போனாலும் வீட்டில் பார்த்த கதைதான். போக ஆசைப்பட்டால், கிலேட்டிங் ஷாம்பு போட்ட அடுத்த நாளில் ஒரே ஒரு சிட்டிங் போங்கள்.

கடைசியில் சொல்லும் கெரட்டினை மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கெரட்டின், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று பெயர் மாறும். போடாக்ஸ் மருந்துக்கும் ஹேர் போடாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. இவற்றில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ (தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின்), அதை வெளிவிடும் பொருளோ, கிளையாக்சிலிக் அமிலமோ இருக்கும். அதைப் பூசி, அயர்ன் பலகையால் அதிக சூட்டில் பல முறை இழுப்பார்கள். பிளீச் ஏறிச் சேதமான முடி அந்தச் சூட்டைத் தாங்காது. கிளையாக்சிலிக் அமிலம் கலந்த ஸ்ட்ரெய்ட்னிங்குக்குப் பிறகு சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்ட நேர்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ‘ஃபார்மலின் ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. பொருள் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பார்லரில் செலவழிக்க வேண்டிய ஒன்று உண்டு: வெட்டு. பிளந்த நுனியை எந்த மாஸ்க்கும் ஒட்டாது. சிலிக்கோன் இரண்டு நாள் ஒட்டினாற்போலக் காட்டும், பிளவு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இப்போதே ஐந்து, ஆறு சென்டிமீட்டர் எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் இன்னொரு இரண்டு சென்டிமீட்டர். நீளம் குறைகிறதே என்று மனசு வலிக்கும், புரிகிறது. பின்னலுக்குத் தேவையான நீளத்தைச் சவுரி பார்த்துக்கொள்ளும். சவுரியை நுனியிலிருந்து சேர்க்காமல் பிடரியில் நல்ல முடி இருக்கும் இடத்திலிருந்தே பின்னச் சொல்லுங்கள். பூவின் பாரமும் அங்கேயே நிற்கட்டும்.

இடையில் நரையோ ஹைலைட்ஸோ மறைக்க மருதாணிப் பொட்டலம் எதையும் போட வேண்டாம். சில கலப்பட மருதாணிகளில் உலோக உப்பு இருக்கும்; பிறகு பெராக்ஸைடு பட்டால் முடி சூடாகி அறுந்துபோகவும் கூடும். கல்யாணத்தன்று சுருள் போட அயர்ன் வைத்தால் முழுக்கக் காய்ந்த முடியில், ஹீட் புரொடெக்டன்ட் தடவி, 160 டிகிரிக்கு மேல் போகாமல், ஒரு கொத்துக்கு ஒரே இழுப்பு. ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் விட்டு முடியை உள்ளிருந்தே வெடிக்கவைக்கும். அலங்காரம் கலைக்கும்போது ஸ்ப்ரே பட்ட முடியில் சீப்பை விடாதீர்கள். முதலில் கண்டிஷனரைப் பூசி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் பிரித்து, பிறகு சீப்பு.

நான்கு வாரம் இப்படிச் செய்துவிட்டு, அதே இழுப்புச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குளித்த பிறகு சீப்பில் வரும் துண்டு முடியை இப்போதே ஒரு நாள் எண்ணிக் குறித்துவைத்தால் ஒப்பிட வசதி. எண்ணிக்கை குறைந்திருந்தால் இதே வழியில் தை வரை போகலாம். ஈர முடி சூயிங்கம் மாதிரி நீண்டு துவண்டால், அந்தப் பகுதிக்கு இனி எந்த மாஸ்க்குக்கும் பணம் செலவழிக்காமல், தோள்பட்டை வரை வெட்டிவிடுங்கள். மண்டையிலிருந்து உங்களுக்கு அரைச் சாணுக்கு மேல் நல்ல முடி இருக்கிறது. மண்டையில் நாணய அளவில் சொட்டையோ, வலியோடு கொப்பளமோ, வெள்ளைப் பொட்டோடு கைநிறைய முடியோ தெரிந்தால் நான்கு வாரம் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.